கணுக்கால் சுளுக்கினால்

ஜொகூர் மாநிலத்தின் மிக உயரமான மலை குனோங் லேடாங். தங்காக் நகருக்கு அருகே 1,276 மீட்டர் உயரத்தில் நிற்கும் இம்மலையில் ஏறும்போது மூச்சு வாங்கும். ஆனால், கால்களுக்குச் சோதனை இறங்கும்போதுதான். தொடைத் தசைகள் களைத்திருக்கும் அந்நேரத்தில், ஈரமான வேரிலோ உருளும் கல்லிலோ பாதம் சற்றே சாய்ந்தாலும் கணுக்கால் மடங்கிவிடும். பள்ளித் திடலில் பந்தை விரட்டும் மாணவருக்கும் இதுவே நேர்கிறது.

பெரும்பாலும் பாதம் உட்பக்கமாகவே மடங்குகிறது. அப்போது கணுக்காலின் வெளிப்புறத்தில் எலும்புகளைப் பிணைத்திருக்கும் இணைப்புநார்கள் அளவுக்கு மீறி இழுபடுகின்றன. சில வேளைகளில் கிழிந்தும் போகின்றன. இதுவே சுளுக்கு.

எண்ணெய் தடவி அழுத்தி உருவிவிடுவது பல வீடுகளில் உள்ள வழக்கம். அன்பினால் செய்வதுதான் என்றாலும், முதல் சில நாள்களில் அது வீக்கத்தைக் கூட்டக்கூடும். உள்ளே எலும்பு முறிந்திருந்தாலோ நிலைமை இன்னும் மோசமாகும். எனவே, முறிவா சுளுக்கா என்பதை முதலில் அறிய வேண்டும். இதற்காகக் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் வெளியிட்ட விதிகள் இன்று பல நாடுகளில் பயன்படுகின்றன. அடிபட்ட காலை ஊன்றி நான்கு அடிகூட வைக்க இயலாவிட்டாலோ, கணுக்காலின் இருபுறமும் புடைத்திருக்கும் எலும்பின் பின்விளிம்பை அழுத்தும்போது வலித்தாலோ எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது அவற்றுள் முக்கியமானது.

ஓய்வு, பனிக்கட்டி, கட்டு, காலை உயர்த்தி வைத்தல் ஆகிய நான்கையும் 1978இல் பரிந்துரைத்தவர் அமெரிக்க மருத்துவர் கேப் மெர்கின். நீண்ட ஓய்வும் பனிக்கட்டியும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் எனப் பின்னாளில் அவரே தம் கருத்தை மாற்றிக்கொண்டார். வலி தணியப் பனிக்கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைக்கலாம். அதற்கு மேல் அதை நம்பியிருக்க வேண்டியதில்லை. ஓரிரு நாள் காலைக் காத்த பிறகு, வலி பொறுக்கும் அளவுக்கு மெல்ல அசைக்கத் தொடங்குவதே நல்லது. கால் பெருவிரலால் காற்றில் அ, ஆ எழுதிப் பார்ப்பது எளிய பயிற்சி.

பலர் தவறுவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். வீக்கம் வடிந்ததும் கால் குணமாகிவிட்டதாக எண்ணித் திடலுக்கு ஓடுகின்றனர். பாதம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை மூளைக்கு உணர்த்தும் நரம்பு முனைகளும் இணைப்புநாரில் உள்ளன. நார் கிழியும்போது அவையும் பாதிக்கப்படுகின்றன. அந்த உணர்வு மீளாத கால் மீண்டும் மீண்டும் சுளுக்கும். ஒற்றைக் காலில் நின்று பழகுவது அவ்வுணர்வை மீட்க உதவும்.

பூப்பந்து வீரர் லீ சோங் வெய் 2012 மே மாதம் சீனாவின் வூஹானில் நடந்த தாமஸ் கிண்ணப் போட்டியில் கணுக்காலில் காயமுற்றார். லண்டன் ஒலிம்பிக்கிற்கு அப்போது ஏறத்தாழ இரண்டு மாதங்களே இருந்தன. சிகிச்சையும் பயிற்சியும் பெற்று ஆகஸ்டில் இறுதியாட்டம்வரை சென்று, வெள்ளிப் பதக்கம் வென்றார். அவரைச் சுற்றி மருத்துவக் குழு இருந்தது. பள்ளி மாணவருக்கு அந்த வசதி இராது. ஆயினும், காயம்பட்ட ஒற்றைக் காலால் வலியின்றித் துள்ள முடிகிறதா என்று சோதிக்க எவருக்கும் கருவி தேவையில்லை. முடியவில்லை என்றால், போட்டி மறுநாளே ஆனாலும் பயிற்றுநரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.