கடலின் வெம்மையும் கார்த்திகை மழையும்

கடல்நீரை முகந்தெழுந்து, மலையிலே படிந்து, மழையாய்ப் பொழியும் மேகத்தை நம் பழம்புலவர் பலவாறு பாடியுள்ளனர். ஆண்டுதோறும் அப்பாடல்களை வகுப்பறையிலே விரித்துரைப்பது எமது தொழில். 2017ஆம் ஆண்டின் தொடக்கத்திலே அவ்வாறு உரைத்துக்கொண்டிருந்த ஒரு நாள், தம்பலகாமத்திலிருந்து பேருந்தேறி வரும் மாணவனொருவன் எழுந்து, “ஐயா, கடல் எல்லா ஆண்டும் ஒரே கடல்தானே? அப்படியிருக்க, போன கார்த்திகையில் மாத்திரம் அது மேகத்துக்கு ஏன் நீர் கொடுக்கவில்லை?” என்று வினவினான். அவன் தந்தையார் விதைத்த பெரும்போக நெல் முழங்கால் உயரம் வருமுன்னே கருகியிருந்ததைப் பின்னர் அறிந்தோம். அன்றோ, பாடத்துக்குப் புறம்பான வினா இது எனக் கூறி அவனை அமர்த்திவிட்டோம்.

உண்மையில் அவ்வினா புறம்பானதன்று. எமக்கு விடை தெரியாதிருந்ததே காரணம். அவனுக்கு அன்று சொல்லாத விடையை இம்மலரின் வாயிலாகச் சொல்ல முயல்கின்றோம். தமிழாசிரியருக்கு விஞ்ஞானம் எதற்கு என்று புருவம் நெரிப்பாரும் உளர். நம் கல்லூரியின் அதிபராய் விளங்கிய விபுலாநந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி என்பதையும், யாழ் நூலிலே இசையை எண்கொண்டு அளந்து ஆராய்ந்தவர் என்பதையும் அன்னார்க்கு நினைவூட்டி மேற்செல்கின்றோம்.

திருகோணமலையின் ஆண்டு மழை ஏறக்குறைய 1,600 மில்லிமீற்றர். அதில் மூன்றில் இரண்டு பங்கு ஐப்பசி முதல் தை வரையிலான காலத்திலேயே பெய்துவிடுகின்றது. எஞ்சிய மாதங்களிலே கச்சான் வீசிப் புல்லும் பொசுங்கும். ஆகவே கந்தளாய்க் குளம் நிரம்புவதும், கொட்டியாரத்து வயல்கள் விளைவதும், வீட்டுக் கிணறு ஆவணி வரை ஊறுவதும் இந்த நான்கு மாதங்களின் கையில் உள்ளன. துறைமுகத்தின் வரலாறுங்கூட இக்காலத்தோடு பிணைந்ததே. வாடை கிளம்பினால் சோழமண்டலக் கரையிலே கப்பல் ஒதுங்க இடமில்லை. ஒதுங்கத்தக்க ஆழ்துறை இங்கேதான் இருந்தது. 1782ஆம் ஆண்டு தையிலே ஆங்கிலேயர் இதனைக் கைப்பற்ற, அவ்வாண்டு ஆவணியிலே பிரெஞ்சுக் கடற்றளபதி சவ்ரான் பறித்துக்கொண்டதற்கு இக்காற்றும் ஒரு காரணம் என்க.

இனி வினாவுக்கு வருவோம். கடல் ஒரே கடல்தான். ஆயின் அதன் சூடு ஒரே சூடன்று. வளிமண்டலம் முழுவதும் அடக்கி வைத்திருக்கும் வெப்பத்தைக் கடலின் மேற்பரப்பிலுள்ள ஏறத்தாழ மூன்று மீற்றர் ஆழ நீரே அடக்கிவிடும். காற்று விரைவிற் சூடேறும், விரைவிற் குளிரும். கடலோ மெல்லச் சூடேறி, மெல்லக் குளிர்வது. நேற்று வீசிய காற்றை இன்று காற்று மறந்துவிடுகின்றது. ஆறு மாதத்துக்கு முன் பெற்ற வெப்பத்தைக் கடல் மறப்பதில்லை. வரும் பருவத்தின் மழையை முன்கூட்டி உரைக்க இயலுமாயின், அது கடலின் இந்த நினைவாற்றலால் ஆவதே.

பசிபிக்குச் சமுத்திரத்தின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். அங்கே வியாபாரக் காற்றுக்கள் கிழக்கிலிருந்து மேற்காக வீசி, வெயிலிற் காய்ந்த மேல்நீரை இந்தோனேசியப் பக்கம் தள்ளிக் குவிக்கின்றன. அதனால் மேற்குப் பக்கத்துக் கடல்மட்டம் கிழக்கினும் ஏறக்குறைய அரை மீற்றர் உயர்ந்து நிற்கும். வெந்நீர் குவிந்த இடத்தில் ஆவி எழுந்து மேகம் திரண்டு மழை கொட்டும். பேரு நாட்டுக் கரையிலோ ஆழத்துக் குளிர்நீர் மேலெழுந்து மீன்வளத்தைப் பெருக்கும். சில ஆண்டுகளில் இக்காற்றுத் தளர்கின்றது. தளர்ந்தால் குவிந்த வெந்நீர் கிழக்கே திரும்பிப் படர்கின்றது. படர்ந்தால் காற்று மேலும் தளர்கின்றது. நத்தார் காலத்தை ஒட்டி வரும் இவ்வெந்நீரைப் பேரு நாட்டு மீனவர் ‘எல் நீனோ’, அஃதாவது பாலன், என அழைத்தனர். இதற்கு மாறாகக் காற்று மிக வலுத்துக் கிழக்குக் கடல் மிகக் குளிரும் நிலை ‘லா நீனா’ எனப்படும்.

பேருவின் கடலுக்கும் தமிழர்க்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு கொடியது. 1876ஆம் ஆண்டு தொடங்கிய தாது வருடப் பஞ்சத்திலே சென்னை மாகாணமும் அதனைச் சூழ்ந்த தென்னிந்தியப் பகுதிகளும் மழையின்றி மடிந்தன. ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது கணக்கு. பிழைப்புத் தேடி இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்குக் கடல் கடந்தோர் பலர். தானியத்தை ஏற்றுமதி செய்து மக்களைப் பட்டினியில் விட்ட ஆட்சியாளரின் பிழையை மழையின் தலையில் ஏற்றிவிடல் ஆகாது. எனினும் 1877ஆம் ஆண்டின் எல் நீனோ மிக வலியது என்பதும் உண்மை. அப்பஞ்சத்தின் பின்னரே இந்தியாவில் பருவமழையை முன்னுரைக்கும் முயற்சி முனைப்புற்றது. ஹென்றி பிளான்போட் என்பார் இமயத்தின் பனியளவைக் கொண்டு 1880களில் அம்முயற்சியைத் தொடங்கினார். 1904 முதல் 1924 வரை இந்திய வானிலை நிலையங்களின் தலைவராயிருந்த கில்பேட் வாக்கர் கேம்பிரிட்சுக் கணித வல்லுநர். அவர் உலகெங்குமிருந்து வந்த அமுக்க அளவுகளை ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டு, பசிபிக்கின் மேல் அமுக்கம் உயருங்கால் இந்து சமுத்திரத்தின் மேல் அது தாழ்வதையும், அங்கே தாழுங்கால் இங்கே உயர்வதையும் கண்டு, அதற்குத் ‘தென் அலைவு’ எனப் பெயரிட்டார். ஊஞ்சற்பலகையின் இரு முனை போன்றது அது. பலகையை ஆட்டுவது கடலின் வெம்மையே என்பதை 1969இல் விளக்கியவர் யாக்கப் பியர்க்னெசு. வாக்கர் கண்ட அலைவையும் பேரு மீனவர் கண்ட பாலனையும் அவரே ஒரே நிகழ்ச்சியின் இரு முகங்களாகக் கண்டவர். மீனவர் சொல்லுக்கு விஞ்ஞானம் செவிசாய்க்க இத்தனை காலம் சென்றது!

இங்கே வாசகர் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். எல் நீனோ என்றால் வறட்சி என்று பத்திரிகைகள் எழுதிவிடுகின்றன. இந்தியாவின் தென்மேற் பருவமழைக்கு அது பெரும்பாலும் பொருந்தும். எமது ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழைக்குப் பொருந்தாது. எல் நீனோ ஆண்டுகளில் இம்மூன்று மாதங்களிலும் இலங்கைக்கும் தென்னிந்தியாவின் கீழ்க்கரைக்கும் மழை மிகுதலே வழக்கம். 2015ஆம் ஆண்டு பேரெல் நீனோ நிலவியபோதே மார்கழித் தொடக்கத்தில் சென்னை நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. தை பிறந்ததும் நிலை மாறிவிடும். எல் நீனோவின் தை, மாசி மாதங்களில் இலங்கைக்கு மழை குறைதலும், லா நீனாவின் தை, மாசியில் மிகுதலுமே காணப்படுகின்றன. 2011ஆம் ஆண்டுத் தையும் மாசியும் நம்மவர்க்கு மறக்குமா? வலிய லா நீனா நிலவிய அக்காலத்தில் மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலை மாவட்டங்களில் அறுவடைக்கு நின்ற கதிர்கள் நீருள் அழுகின. பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெள்ளத்தால் இடருற்றனர். ஒரே கடல்நிலை கார்த்திகைக்கு ஒன்றும் தைக்கு வேறொன்றும் செய்தல் வியப்பன்றோ!

பசிபிக்கோடு கதை முடியவில்லை. நம் வாசலிலுள்ள இந்து சமுத்திரத்துக்கும் தனக்கென ஓர் ஊஞ்சல் உண்டு. சாஜி, கோசுவாமி, விநயச்சந்திரன் ஆகிய இந்திய அறிஞரும், சப்பானிய அறிஞர் யமகட்டாவும் 1999இல் இதனை வெளியிட்டனர். இதனை ‘இந்து சமுத்திர இருமுனை’ என்பர். சில ஆண்டுகளில் சுமாத்திராக் கரையோரம் கடல் குளிர்ந்து, ஆபிரிக்கக் கரைப்பக்கம் சூடேறும். அது நேர்முனை. அப்பொழுது கீழ்த்திசையில் திரளவேண்டிய மேகம் மேற்கு நோக்கிப் பரவும். அவ்வழியிலே எமது தீவும் இருப்பதால் பெரும்போகத்துக்கு மழை மிகுகின்றது. இதனை இலங்கை அறிஞர் லரீப் சுபைர் முதலானோர் 2003இல் ஆராய்ந்து காட்டினர். 1997, 2019 ஆகியன வலிய நேர்முனை ஆண்டுகள். 2019 மார்கழியில் வடக்குக் கிழக்கு மாகாணங்களில் வெள்ளம் பரவியதை அறிவோம். எதிர்முனையிலோ சுமாத்திராப் பக்கம் சூடேறி, மழை அங்கேயே தங்கிவிடும்.

2016ஆம் ஆண்டு நிகழ்ந்தது இதுவே. இந்து சமுத்திரத்தில் வலிய எதிர்முனை. பசிபிக்கிலும் லா நீனாவின் சாயல். இரண்டும் ஒருசேர எம் கார்த்திகை மழையைக் கெடுத்தன. குளங்கள் நிரம்பவில்லை. 2017ஆம் ஆண்டின் நெல் விளைவு முந்திய ஆண்டினும் ஏறத்தாழ 40 வீதம் குறையும் என ஐக்கிய நாடுகளின் உணவு நிறுவனங்கள் மதிப்பிட்டன. தம்பலகாமத்து மாணவனே, உன் தந்தையார் வயலுக்கு வரவேண்டிய மேகம் சுமாத்திராவிலே பெய்தது. கடல் நீர் கொடாமலில்லை, வேறிடத்திலே கொடுத்தது.

இஃது முன்னரே தெரிந்திருக்குமா என்பதே அடுத்த வினா. ஓரளவு தெரிந்திருக்கும். 1986இல் கேன், செபியாக்கு என்னும் இருவர் கணிப்பொறி கொண்டு எல் நீனோவை முன்னுரைத்துக் காட்டினர். 1994இன் இறுதியில் பசிபிக்கின் நடுக்கோட்டு நெடுக ஏறத்தாழ 70 மிதவைகள் நங்கூரமிடப்பட்டன. இன்று ‘ஆர்கோ’ எனும் தானியங்கு மிதவைகள் ஏறக்குறைய 4,000 உலகக் கடல்களில் உலாவுகின்றன. ஒவ்வொன்றும் பத்து நாட்களுக்கொருமுறை 2,000 மீற்றர் ஆழம் வரை சென்று, மேலெழும்போது சூட்டையும் உப்பையும் அளந்து, செய்மதிக்குச் செய்தி அனுப்பும். 2010 முதல் தென்னாசிய நாடுகளின் வானிலையாளர் கூடி, வரும் பருவத்தின் மழையைப் பற்றிக் கூட்டாக உரைத்து வருகின்றனர். பங்குனி, சித்திரைக்கு முன் சொல்லப்படும் எல் நீனோக் கணிப்பு அவ்வளவு நம்பத்தக்கதன்று. ஆவணிக்குப் பின் சொல்லப்படுவது வலுவுடையது. எமது பெரும்போக விதைப்புக்கு அது போதிய காலமே.

ஆயின் அம்முன்னுரை எவ்வாறு வருகின்றது? ‘சராசரிக்கு மேற்பட்ட மழைக்கு 45 வீத நிகழ்தகவு, சராசரிக்கு 30, கீழ்ப்பட்டதற்கு 25’ என்பது போல வருகின்றது. இதனைப் பெரும்போக ஆரம்பக் கூட்டத்திலே வாசித்தால் வட்டவிதானையும் தலையைச் சொறிவார். “பெய்யுமோ பெய்யாதோ, அதைச் சொல்லும்” என்பார். இங்கே குறை விஞ்ஞானத்தினது அன்று, மொழியினது. தமிழாசிரியர்க்கு இங்கே வேலை உண்டு என்பது எம் துணிபு. “இவ்வாறு கடல் சூடேறிய ஆண்டுகள் 20ஐ எடுத்தால், ஒன்பதில் மிகுமழை, ஆறில் நடுத்தரம், ஐந்தில் குறைமழை” என்று சொல்லிப் பாருங்கள். கமக்காரருக்கு உடனே விளங்கும். ஏனெனில் அவர் தம் வாழ்நாளின் போகங்களை அவ்வாறே எண்ணி வைத்திருக்கின்றார். குறைமழை ஆண்டெனின் மூன்றரை மாத நெல்லை விட்டு மூன்று மாத நெல்லை விதைக்கலாம். முதல் மழையோடு விதைப்பை முடிக்கலாம். குளத்துநீர் கண்டு காணியைக் குறைக்கலாம். கடன்பட்டு முழு வயலையும் விதைப்பதா, பாதியை விதைப்பதா என்ற முடிவு குடும்பத்தையே தாங்கும் அல்லது சாய்க்கும் முடிவாகும்.

ஐந்தில் குறைமழை என்னும் அந்த ஐந்தை மறைத்துச் சொல்லுதல் தீது. 2025ஆம் ஆண்டிலே இந்து சமுத்திரம் எதிர்முனையில் நின்றது. பசிபிக்கு லா நீனாவை நோக்கிச் சாய்ந்திருந்தது. கார்த்திகை மழை குறையவேண்டிய அறிகுறிகள் இவை. அக்கார்த்திகையிலேயே டித்வா புயல் வந்து மூன்று நான்கு நாட்களில் மலைநாட்டையும் சமவெளியையும் சிதைத்தது. 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெருகிவந்த மகாவலியினால் எமது மாவட்டத்துத் தாழ்நிலங்களும் மூழ்கின. பருவக் கணிப்பு மூன்று மாத மழையின் மொத்தச் சாய்வையே கூறும்; ஒரு புயலின் நாளைக் கூறாது. அதற்கு வேறு எச்சரிக்கை, வேறு செவி வேண்டும்.

அம்மாணவன் இப்பொழுது பட்டதாரி. சென்ற விடுமுறையில் எம்மைக் கண்டபோது இவற்றையெல்லாம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு இன்னொரு வினா எழுப்பினான். வெப்பமண்டல இந்து சமுத்திரம் 1951 முதல் 2015 வரையில் சராசரியாக ஒரு பாகை செல்சியஸ் சூடேறிவிட்டது. கடல் முழுவதுமே இவ்வாறு சூடேறிக்கொண்டிருந்தால், முன்சென்ற 20 ஆண்டுகளை எண்ணிச் சொல்லும் கணக்கு வரும் ஆண்டுகளுக்குப் பொருந்துமா, ஐயா, என்றான். இம்முறை அவனை அமர்த்தவில்லை. கல்லூரி விறாந்தையில் இரு கதிரைகளை எடுத்துப் போட்டுக்கொண்டு, மாலை மணி அடிக்கும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.