ஒரே பழுதுக்கு மூன்று பில்: சொகுசுக் காரும் கடையின் முதலும்

மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை கரையோர வீதியால் ஒரு தடவை போய் வந்தால், வீட்டு முற்றங்களில் தார்ப்பாய் போர்த்தியபடி நிற்கும் சொகுசுக் கார்கள் கண்ணில் படும். அவற்றில் சில மணலுக்கும் உப்புக்காற்றுக்கும் பயந்து மூடப்பட்டவை. வேறு சில, அடுத்த பில்லுக்குப் பயந்து மூடப்பட்டவை. இந்த வாரம் நாம் பார்க்கப்போவது இரண்டாவது வகையைப் பற்றி.

வியாபாரப் பத்தியில் கார் எஞ்சின் எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். எமது பிரதேசத்தில் இந்தக் கார்களின் பழுதுபார்க்கும் செலவு பெரும்பாலும் வீட்டுக் கணக்கிலிருந்து போவதில்லை. கடைக் கணக்கிலிருந்தே போகிறது. பலரின் கணக்குப் புத்தகங்களைப் பார்ப்பவன் என்ற வகையில், ‘வாகனச் செலவு’ என்ற ஒற்றை வரிக்குள் ஒரு கடையின் அரைவாசி முதல் மறைந்திருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

இதற்கு ஒரு பின்னணியும் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடையில் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் புதிய கார் நாட்டுக்குள் வராததால், பத்து வருடம் ஓடிய ஜேர்மன் கார்களும் புதுக் கார் விலைக்குக் கைமாறின. 2022இல் டொலர் இருநூறு ரூபா மட்டத்திலிருந்து முந்நூற்று அறுபதுக்கு ஏறியபோது உதிரிப்பாக விலையும் சேர்ந்து ஏறியது. கார் கிழடாகிறது, அதற்கான மருந்தோ விலையேறுகிறது. வாங்கியவர்களில் அநேகர் இந்த இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடவில்லை.

எனக்குத் தெரிந்த துணிக்கடைக்காரர் ஒருவரின் கணக்கை, பெயர் குறிப்பிடாமல், அவரது சம்மதத்துடன் இங்கு தருகிறேன். ஹாஜியார் என்றே அவரைச் சொல்வோம். 2023 ஒக்டோபரில் 165 இலட்சம் ரூபாவுக்கு ஜேர்மன் கம்பனி ஒன்றின் நான்கு சிலிண்டர், டேர்போ பெற்றோல் கார் ஒன்றை வாங்கினார். நான்கு மாதத்தில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது, எஞ்சின் நடுங்கியது. முதலாவது கராஜில் ஸ்கேன் பார்த்து நான்கு இக்னிஷன் கொயிலும் பிளக்குகளும் மாற்றினார்கள்: 1,90,000. மூன்று மாதம் நன்றாக ஓடியது. மறுபடி அதே நடுக்கம். இரண்டாவது கராஜ் நான்கு இன்ஜெக்டர்களையும், அவற்றோடு பிளக்குகளையும் மாற்றியது: 6,40,000. இன்னும் மூன்று மாதம். பிறகு மூன்றாவது இடத்தில் ஒட்சிசன் சென்சரும் கற்றலிட்டிக் கன்வேட்டரும்: 4,75,000. கொழும்புக்கு லொறியில் ஏற்றி அனுப்பியது இரண்டு தடவை, அதற்கு 1,70,000. ஆகமொத்தம் 14,75,000 ரூபா.

2024 டிசம்பரில் நான்காவது தடவை நடுங்கியபோது, “எஞ்சினையே மாத்தினாத்தான் சரிவரும் ஹாஜியார், ஜப்பான் எஞ்சின் ஒன்று 28 இலட்சத்துக்கு இருக்கு” என்று சொல்லிவிட்டார்கள். நோன்புக் காலம் மார்ச் ஆரம்பத்தில். பெருநாள் துணிக்குக் கொழும்பில் முற்பணம் கட்ட வைத்திருந்த காசில் கைவைக்க அவர் தயாராகிவிட்டார்.

“இவ்வளவு காசு போட்டாச்சு தம்பி. இப்ப விட்டா போட்டதெல்லாம் வீண்தானே?” என்றார்.

“பில்லுகள் எல்லாத்தையும் தாங்க ஹாஜியார். மூணு நாள் பொறுங்க” என்றேன்.

பில் சொல்லும் கதை

பில்களைத் திகதி வரிசையில் அடுக்கிப் பார்த்தபோது இரண்டு விடயங்கள் தெரிந்தன. முதலாவது, மூன்று கராஜ்களும் பாகம் மாற்றியிருக்கின்றனவே தவிர, எதையும் அளந்ததற்கான அடையாளம் ஒரு பில்லிலும் இல்லை. இரண்டாவது, அந்தக் காலமெங்கும் சிறிய பில்களாக ஒயில் போத்தல்கள் வாங்கப்பட்டிருந்தன. கிலோமீற்றரோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 900 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர். எஞ்சின் ஒயில் குடிக்கிறது என்பதை எந்தக் கராஜிலும் அவர் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

இந்தப் பில்களுடன் அக்கரைப்பற்றுப் பக்கம் வயதான மெக்கானிக் பாஸ் ஒருவரிடம் போனோம். அவர் எங்களுக்குச் சொன்ன பாடத்தை அப்படியே தருகிறேன். காசு கொடுத்தும் கிடைக்காத பாடம்.

ஸ்கேனர் காட்டும் இலக்கம் நோயின் பெயரல்ல, வலிக்கும் இடம் மட்டுமே. ‘இரண்டாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை’ என்று அது சொன்னால், கொயில், பிளக், இன்ஜெக்டர், காற்றுக் கசிவு, அழுத்தக் குறைவு, செயின் தளர்வு, கெட்ட பெற்றோல் ஆகிய எதுவும் காரணமாக இருக்கலாம். கொயில்தான் குற்றவாளியா என்று பார்க்க ஒரு சதமும் செலவில்லை: இரண்டாம் சிலிண்டரின் கொயிலைக் கழற்றி நான்காவதில் போட்டு, நான்காவதின் கொயிலை இரண்டில் போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். பழுது நான்குக்கு இடம்பெயர்ந்தால் கொயில் குற்றவாளி. இரண்டிலேயே நின்றால் கொயில் நிரபராதி. பிளக்கையும் இப்படியே மாற்றிப் பார்க்கலாம். பத்து நிமிட வேலை.

கொயில்களை அப்படி மாற்றிப் பார்த்ததில் பழுது இடம்பெயரவில்லை. சிலிண்டர்களின் அழுத்தத்தை அளந்தார். நான்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு. அதாவது 28 இலட்சத்துக்கு மாற்றச் சொன்ன எஞ்சினின் பிஸ்டனும் வால்வும் நல்ல நிலையில்தான் இருந்தன. பிறகு எஞ்சின் ஓடும்போதே ஒயில் ஊற்றும் மூடியைத் தூக்கச் சொன்னார். உள்ளிருந்து யாரோ பிடித்து இழுப்பது போல அது இறுகியிருந்தது; மெல்லிய விசில் சத்தமும் கேட்டது. மூடி விலகியதும் விசில் நின்றது.

பிஸ்டன் ஓரத்தால் கீழே நழுவும் வாயுவை மீண்டும் எஞ்சினின் காற்றுப் பாதைக்கு அனுப்ப ஒரு சிறிய வால்வு உண்டு. அதற்குள் இருப்பது ஒரு இறப்பர் தகடு. அது கிழிந்தால் கணினிக்குத் தெரியாத காற்று உள்ளே போகும். கூடவே ஒயிலும் இழுபட்டுப் போய் எரியும். எரிந்த ஒயில் பிளக்கில் கரியாகப் படியும், பின் எஞ்சின் நடுங்கும். ஒவ்வொரு தடவையும் மூன்று மாதம் நன்றாக ஓடியது ஏன் என்பது இப்போது விளங்கியது. கொயிலும் இன்ஜெக்டரும் அதைச் சரிசெய்யவில்லை. அவற்றோடு சேர்த்துப் போட்ட புதுப் பிளக் மூன்று மாதம் சுத்தமாக இருந்தது, அவ்வளவுதான். கன்வேட்டர் அடைபட்டதற்கும் அதே ஒயில்தான் காரணம். ஒரு பழுது திருத்தியபின் சொல்லிவைத்தாற்போல ஒரே கால இடைவெளியில் திரும்பி வந்தால், திருத்தப்பட்டது விளைவுதான், காரணமல்ல என்று பாஸ் சொன்னார். இதை நான் என் குறிப்புப் புத்தகத்தில் எழுதிவைத்திருக்கிறேன். கடைகளில் மாதாமாதம் காசு குறையும்போதும் இது பொருந்துகிறது.

அந்த வால்வு, சிலிண்டர் மேல்மூடியோடு ஒன்றாகவே வருவது. எல்லாம் சேர்த்து 1,65,000. ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. ஒயில் தட்டைத் திறந்தபோது டைமிங் செயினைத் தாங்கும் வழிகாட்டியின் பிளாஸ்டிக் துண்டுகள் அடியில் கிடந்தன. செயின் ஒரு பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதி நல்ல எஞ்சினும் குப்பையாகிவிடும். செயின் வேலைக்கு 7,20,000 கேட்டார்கள்.

பெயர் பெரிது, எஞ்சின் இலக்கம் அதைவிடப் பெரிது

இது எமது ஊர்க் கராஜ்களின் குறை மட்டுமல்ல. பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 2008இல் என்63 என்ற எட்டு சிலிண்டர் எஞ்சினை வெளியிட்டது. இரண்டு டேர்போக்களையும் ‘வி’ வடிவ எஞ்சினின் நடுப் பள்ளத்திலேயே வைத்தார்கள். அதனால் வெப்பம் நடுவில் தேங்கியது. ஒயில் குடித்தல், இன்ஜெக்டர், செயின், பற்றரி என்று முறைப்பாடுகள் குவிந்தன. 2014 டிசம்பரில் அமெரிக்காவில் நிறுவனமே முன்வந்து இந்தப் பாகங்களை எல்லாம் இலவசமாகப் பரிசோதித்து, தேவையானதை மாற்றிக்கொடுக்கும் திட்டம் ஒன்றை அறிவித்தது; ஒயில் மாற்றும் இடைவெளியையும் 15,000 மைலிலிருந்து 10,000 மைலாகக் குறைத்தது. அதன் பிறகும் வழக்குகள் போய் இணக்கத்தில் முடிந்தன. மெர்சிடிஸின் எம்272 எஞ்சினில் 2004க்குப் பிந்திய ஆரம்பத் தயாரிப்புகளில் சமநிலைத் தண்டின் பற்சக்கரம் முன்கூட்டியே தேய்ந்தது. பாகத்தின் விலை பெரிதல்ல. அதை மாற்ற எஞ்சினையே இறக்க வேண்டும் என்பதுதான் செலவு.

ஜப்பானியக் கார் என்றால் தப்பலாம் என்றும் நினைக்க வேண்டாம். 2013 செப்டெம்பரில் வந்த ஹொண்டா ஃபிட் ஹைபிரிட், 2014 ஒக்டோபருக்குள் ஐந்து தடவை திருத்தத்துக்காகத் திருப்பி அழைக்கப்பட்டது. நிறுவனத் தலைவர் தன் சம்பளத்தையே சில மாதங்கள் குறைத்துக்கொண்டார். நமது வாகன வியாபாரிகளிடம் எனக்கு இவ்வளவு எதிர்பார்ப்பு இல்லை!

ஆகவே வாங்குமுன் மாதிரியின் பெயரைக் கேட்பதோடு நில்லாமல் எஞ்சின் இலக்க வகையைக் கேளுங்கள். செசி இலக்கத்தைக் கொடுத்து, திருப்பி அழைப்பு ஏதும் நிலுவையில் உண்டா என்று பாருங்கள். ஜப்பானிலிருந்து வந்ததென்றால் ஏல அறிக்கையைக் கேளுங்கள். 2016 மே வெள்ளத்தில் கொழும்பைச் சூழ மூழ்கிய கார்களும் பின்னர் கழுவித் துடைக்கப்பட்டுக் கைமாறின. ஆசனப் பட்டியை முழுதாக இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கறை தெரியும்.

எமது சூழலுக்கென்று சில விடயங்களும் உண்டு. ரேடியேட்டருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றவே கூடாது. கரையோரக் கிணறுகளின் உப்பு அலுமினியத்தை அரிக்கும். பெற்றோல் மூடியின் உட்பக்கம் 95 என்று எழுதியிருந்தால் 92 அடிப்பது சிக்கனமல்ல. 2011இல் தரமற்ற பெற்றோல் இறக்குமதியாகி நாடெங்கும் வாகனங்களின் பம்புகள் பழுதடைந்து, நட்டஈடு அறிவிக்கப்பட்டது பலருக்கு ஞாபகமிருக்கும். பெற்றோல் அடித்த பற்றுச்சீட்டை வைத்திருந்தவர்களுக்குத்தான் அன்று பேச்சு இருந்தது என்பதால், அதையும் கோப்பில் போடுங்கள்.

போன காசை வெளியே வையுங்கள்

இனி ஹாஜியாரின் கேள்விக்கு வருவோம். ஒரு தாளில் மூன்று தொகைகளை மட்டும் எழுதச் சொன்னேன். இன்றைய நிலையில், பழுதைச் சொல்லி விற்றால் கிடைப்பது 125 இலட்சம். சரியாகத் திருத்த ஆகும் செலவு, வால்வும் செயினுமாக 8,85,000. திருத்தியபின் விற்கக்கூடிய விலை ஏறத்தாழ 145 இலட்சம். ஒன்பது இலட்சத்துக்கும் குறைவாகச் செலவிட்டு இருபது இலட்சம் கூடுகிறதென்றால் திருத்துவது சரி. இந்தத் தாளில் 14,75,000 எங்கே என்று கேட்டார். அது இதில் வராது. திருத்தினாலும் விற்றாலும் எரித்தாலும் அது திரும்பி வராது. ஆகவே எந்தப் பக்கத்துக்கும் அது நியாயமாகாது.

அடுத்த கேள்வி வேறு: திருத்திய காரை வைத்திருப்பதா? வருடத்துக்கு ஒயில், டயர், சஸ்பென்ஷன், முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் தள்ளியிருக்கும் கொழும்புக்கு ஓட்டம் என்று குறைந்தது ஐந்து இலட்சம் தேவைப்பட்டது. அவரது கடை அதைத் தாங்காது என்பது என் அபிப்பிராயம். அரிசி ஆலை வைத்திருக்கும் ஒருவருக்கு வேறு பதில் சொல்லியிருப்பேன். இறக்குமதி திறக்கப்போகிறது என்ற பேச்சும் அப்போது பலமாக இருந்ததால், விலை இறங்குமுன் விற்பதே புத்தி என்றேன். வீட்டில் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். மூன்றாம் நாள் பாஸுக்குச் சொல்லி செயின் வேலையைத் தொடங்கினார்.

2025 ஜனவரியில் கார் 142 இலட்சத்துக்குப் போனது. வாங்கியவரிடம் எல்லாப் பில்களும், பாஸ் எழுதிக்கொடுத்த அளவுகளும் ஒரு கோப்பாகக் கொடுக்கப்பட்டன. குறையை மறைத்து விற்றால், அதைக் கண்டுபிடித்தவருக்குப் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை மார்க்கச் சட்டத்தில் உண்டென்பது வியாபாரிகள் அறிந்ததே. ஆனால் நடைமுறையில் இன்னொன்றையும் கண்டேன்: கோப்பைப் பார்த்த பிறகு வாங்குபவர் விலையில் மூன்று இலட்சத்துக்கு மேல் பேரம் பேசவில்லை. கோப்பு இல்லாத கார்களுக்குப் பத்து, பதினைந்து இலட்சம் இறக்கிக் கேட்கிறார்கள். பெருநாள் துணிக்கான முற்பணமும் நேரத்துக்குக் கட்டப்பட்டது.

சட்டப் பக்கமும் ஒரு வார்த்தை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டத்தின்படி, உத்தரவாதத்துடன் வாங்கிய பொருளோ, பெற்ற சேவையோ அதற்கேற்ப இல்லையென்றால் எழுத்து மூலம் முறைப்பாடு செய்ய மூன்று மாதமே உண்டு. கராஜ் வேலையும் சேவைதான். பில்லில் உத்தரவாதம் எத்தனை மாதம், எத்தனை கிலோமீற்றர் என்று எழுதி வாங்காதவருக்கு இதனால் பெரிய பயன் கிடைக்காது. மாற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். கொடுக்கத் தயங்கும் கராஜுக்கு இரண்டாம் தடவை போக வேண்டாம்.

எஞ்சினை மாற்றியே ஆக வேண்டிய நிலையில் இருப்பவர்கள், புதிய எஞ்சினின் இறக்குமதி ஆவணத்தைக் கையில் எடுக்காமல் காசைக் கொடுக்க வேண்டாம். எஞ்சின் இலக்கம் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுப் புத்தகத்தையும் திருத்த வேண்டும். லீசிங்கில் உள்ள வாகனமென்றால் அதற்கு முன் லீசிங் கம்பனியின் கடிதமும் தேவை. அந்தக் கடிதம் எடுப்பதில் வாசகர்கள் சிலர் படும் பாட்டை அடுத்த வாரம் பார்ப்போம்.