அல்லலிடை விளையும் உவகை

மெய்ப்பாடுகளை எட்டென வகுத்த ஆசிரியர் தொல்காப்பியனார் அவற்றுள் உவகையை இறுதிக்கண் வைத்து, அது செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்னும் நான்கினிடத்துத் தோன்றும் என்றார். துன்பம் நீங்கிய இடத்து எழுவதே உவகை என்பதும் அவர் கருத்து. புலன் என்பதற்கு அறிவுடைமை எனப் பொருளுரைப்பாரும் உளர். அங்ஙனமாயின் மாணாக்கராகிய நமக்கும் இந்நான்கனுள் ஒரு பங்கு உண்டென்க.

இவ்விலக்கணம் உலகியலோடு முற்றும் பொருந்துவதே. அவனியாபுரத்தில் வாழும் நமக்கு இதனை விளக்கப் பிறிதோர் எடுத்துக்காட்டு வேண்டுவதின்று. தைத் திங்கள் முதல் நாள் நம்மூர்ச் சல்லிக்கட்டைக் காண வருவோர் தொகை மிகப் பெரிது. வாடிவாசல் திறந்து காளை பாயுந்தோறும் எழும் ஆரவாரம் விளையாட்டின்கண் பிறந்த உவகையேயாம். அதனை இகழ நமக்கு மனமில்லை. நாமும் அக் கூட்டத்துள் நின்றவரே. ஆயினும் பொழுது சாயுமுன் அது கலைந்துவிடுகின்றது. மழை பெய்தாற் பெருகி, கோடையில் வெடித்துக் கிடக்கும் கண்மாயைப் போல, இந்நால்வகை உவகையும் தத்தம் காரணம் உள்ளதுணையும் நின்று, அது நீங்கத் தாமும் நீங்கும்.

கிறிஸ்து பெருமானோ, தாம் சிலுவைக்கு ஒப்புக்கொடுக்கப்பட்ட அவ்விரவில், ஒருவராலும் பறிக்கப்படாத சந்தோஷத்தைத் தம் சீடருக்கு வாக்களித்தார். இஃது எந்நிலைக்களத்திற் பிறப்பது? அப்போஸ்தலனாகிய பவுல் பிலிப்பி நகரச் சபையார்க்கு வரைந்த நிருபத்தை நோக்குக. நான்கே அதிகாரங்களையுடைய அச் சிறு நிருபத்தில் சந்தோஷம் என்னும் சொல் பன்முறை வருகின்றது. எழுதியவரோ கட்டுண்டு காவலில் இருந்தவர். செல்வமும் விளையாட்டும் அவரிடத்து இல்லை. தீர்ப்பு உயிரோ சாவோ என்பதும் தெளிவில்லை. தொல்காப்பியர் வகுத்த நான்கனுள் கல்வியறிவொன்று நீங்கலாகப் பிறவெல்லாம் அவரை விட்டு அகன்றிருந்தன.

இவ்விடத்து ஓர் ஐயம் எழும். நம் தோழருள் சிலர் அதனை நம்மிடம் வெளிப்படையாகவே வினவியிருக்கின்றனர். துன்பமே சூழ்ந்த இடத்து உவகையைப் பேசுதல் தன்னைத்தான் ஏமாற்றுதல் அன்றோ? பிறர் துயரை உணராத வன்னெஞ்சம் அன்றோ? சென்ற ஆண்டு நம் தெருவில் ஓர் அம்மையார் தம் ஒரே மகனை இழந்தார். துக்கம் வினவ வந்த விசுவாசிகள் சிலர், அழுதல் தகாது, சந்தோஷமாயிருத்தல் வேண்டும் என்று அவருக்குப் புத்தி சொன்னார்கள். அது கேட்ட நமக்கு நாணமே உண்டாயிற்று. வேதத்தைப் படித்தவர் கூறத்தக்க மொழியன்று அது. லாசருவின் கல்லறையருகே நம் ஆண்டவரே கண்ணீர் விட்டார். மேற்கூறிய சந்தோஷ நிருபத்திலேயே பவுல், தம் நண்பன் எப்பாப்பிரோதீத்து நோயுற்று மரணத்தருகே சென்றதையும், அவன் இறந்திருந்தால் தமக்குத் துக்கத்தின்மேல் துக்கம் உண்டாகியிருக்கும் என்பதையும் மறையாது எழுதுகின்றார். பிறிதோரிடத்தில் தாம் அழுதுகொண்டே எழுதுவதாகவும் கூறுகின்றார். ஆதலின் அவர் கூறும் உவகை கண்ணீரைத் துடைத்துவிட்ட பின்னர் வருவதன்று, கண்ணீரோடு உடனுறைவது.

இத்தகைய உவகை தமிழுக்குப் புதிதோ எனின், அன்று. புறத்துறைகளுள் உவகைக் கலுழ்ச்சி என்பது ஒன்று. கலுழ்ச்சியாவது அழுகை. புறநானூற்றிலே காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய செய்யுளொன்று இத்துறையின்பாற் படும். மகன் புறங்கொடுத்தான் எனப் பிறர் கூறக் கேட்டுச் சினந்த முதியாள் ஒருத்தி, போர்க்களம் புகுந்து பிணங்களைப் புரட்டித் தேடி, அவன் சிதைந்து கிடந்ததைக் கண்டு, ஈன்ற நாளினும் பெரிதாக உவந்தாள் என்பது அதன் பொருள். இலக்கணம் துன்பத்தை விலக்கி வகுத்த உவகையை இலக்கியம் துன்பத்தின் நடுவே கண்டது வியப்பன்றோ! ஈன்ற நாளை அளவுகோலாக்கியதும் நோக்கத்தக்கது. நம் ஆண்டவரும், பிரசவ வேதனைப்படும் ஸ்திரீ பிள்ளை பிறந்தவுடன் அவ் வேதனையை நினையாள் என்று அவ்விரவிலேயே உவமை கூறினார்.

எனினும் இரண்டும் ஒன்றெனக் கூற நாம் துணியோம். மறக்குடித் தாய் உவந்தது மகன் எய்திய புகழ் நோக்கி. அவள் மகன் எழுந்துவரப் போவதில்லை. போர்க்களத்துப் புகழை அவ்வளவு உயர்த்துதல் நம் மனத்திற்கு இசைவதுமில்லை. கிறிஸ்தவர் உவப்பது உயிர்த்தெழுந்த ஒருவர் உடனிருக்கிறார் என்னும் நம்பிக்கையால்.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றை முதன்முதல் அச்சேற்றிய 1894ஆம் ஆண்டே, எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகமும் நூல் வடிவில் வெளிவந்தது. இவர் 1827இல் திருநெல்வேலிச் சீமைக் கரையிருப்பில் வைணவக் குடியிற் பிறந்து, 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றவர். இவருக்கு முதனூல் தந்த ஜான் பனியன் 1660 முதல் ஏறத்தாழ 12 ஆண்டுகள் பெட்போர்டு நகரச் சிறையில் இருந்தவர். பார்வையற்ற தம் மகளைப் பிரிந்திருப்பது எலும்பினின்று தசையைப் பிய்த்தெடுப்பது போன்றதென அவர் வருந்தினார். அவ்வருத்தத்தினூடே வளர்ந்த உள்ளமே மோட்சப் பயணக் கதையைப் படைத்தது. கிருஷ்ணபிள்ளை அக்கதையை ஐந்து பருவமும் 3,766 செய்யுளுமாக விரித்ததோடு அமையாது, பனியன் விரித்துரையாத கிறிஸ்துவின் பாடுகளைக் குமார பருவத்திலே இரட்சணிய சரிதப் படலமாக அமைத்தார். மோட்ச வழியைப் பாடவந்தவர் சிலுவையைக் காட்டாமற் பேரின்பத்தைக் காட்ட விரும்பவில்லை என்றே நாம் கருதுகின்றோம். காப்பியத்தினிடையே தேவாரம் என்னும் பெயரால் இசைப்பாக்களையும் வைத்தார். யாத்திரிகன் வழிநெடுகப் பாட வேண்டியவன் போலும்.

பனியன் கதையுள் ஒரு காட்சி நம் ஐயத்திற்கு நேர்விடையாகும். ஒரு சுவரின் அருகே நெருப்பு எரிகின்றது. ஒருவன் இடைவிடாது நீரை ஊற்றியும் அஃது அவியாது மேன்மேலும் கொழுந்துவிடுகின்றது. வியந்து நின்ற யாத்திரிகனைச் சுவரின் பின்புறத்திற்கு அழைத்துச் சென்றபோது, அங்கே வேறொருவர் மறைவாக நின்று அந்நெருப்பிலே எண்ணெய் வார்த்துக்கொண்டிருந்தார். நீர் ஊற்றப்படுவது மெய். அதனை ஒருவரும் மறுத்திலர். சுவரின் முன்புறம் நிற்போர்க்கு எண்ணெய் தோன்றாது என்பதும் மெய்.

மேற்கூறிய அம்மையார் பல மாதம் அழுதார்; ஞாயிறுதோறும் ஆலயத்திற்கும் வந்தார். சென்ற மார்கழியில் கிறிஸ்து பிறப்பின் கீதங்களைப் பாடிக்கொண்டு இரவில் வீடுதோறும் சென்ற கூட்டத்தோடு அவரும் வந்தார். தம் வீட்டு வாயிலை அடைந்தபோது, மகன் முன்னாளில் பாடிய கீதத்தையே பாடுமாறு கேட்டுக்கொண்டார். இரண்டாம் அடியில் அவர் குரல் தழுதழுத்தது. சற்றே நின்று, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எஞ்சிய அடிகளை எங்களோடு சேர்ந்து முடிவுவரையும் பாடினார்.