குடும்பத்தோடு வராதீர்கள்

கோவில்பட்டியில் பெண்கள் மட்டும் படிக்கும் பள்ளி எங்களுடையது. 1995-ல் ப்ளஸ் டூ முடித்தவர்கள், முப்பது வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை கூடினோம். இப்படி ஒரு சந்திப்பை நடத்த நினைக்கும் பெண்களுக்கு நான் அடித்துச் சொல்வேன்: அழைப்பிதழில் ‘குடும்பத்தோடு வருக’ என்று போடாதீர்கள்.

மற்றதெல்லாம் பெரிய வித்தையில்லை. காலாண்டு விடுமுறை புரட்டாசியில் விழும். கல்யாணம் இருக்காது, மண்டபம் சுலபமாகக் கிடைக்கும். (புரட்டாசியில் பிரியாணி போடலாமா என்று குரூப்பில் நடந்த சண்டை தனிக்கதை.) ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, அன்றைக்குக் காலை எட்டு மணிக்கே நெல்லையிலோ முத்துநகரிலோ போட்டுவிடுங்கள். ஆளைத் தேட ப்ளஸ் டூ பட்டியல் போதாது, பத்தாம் வகுப்புப் பட்டியலை எடுங்கள். எங்கள் ஊரில் பத்தோடு நின்று தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸில் ஏறியவர்கள் உண்டு. கல்யாணத்தோடு இனிஷியல் மாறிவிடுவதால் ஃபேஸ்புக்கும் உதவாது. அம்மா வீடு இருந்த தெருவில் போய் விசாரிக்க வேண்டியதுதான்.

அப்படித் தெருத்தெருவாக விசாரித்து எங்களில் பலரைக் கண்டுபிடித்துக் கொடுத்தவள் ஒருத்தி. கணவரைப் பிரிந்து தனியாக இருப்பவள். அழைப்பிதழைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் போட்டாள். “நான் யாரடி கூட்டிட்டு வர?” என்றாள். கடைசிவரை வரவேயில்லை.

குரூப்பில் அழைப்பிதழைப் பற்றிப் பேசியபோதே ‘நாம மட்டும் போதும்’ என்று நான் எழுதினேன். “எங்க வீட்டுக்காரர் தனியா விடமாட்டார்டி, எல்லார் வீட்லயும் அப்படித்தானே” என்று ஒருங்கிணைப்பாளர் பேச்சை முடித்துவிட்டாள். அவள் வீட்டு நிலவரத்துக்கு நாங்கள் எல்லோரும் பந்தல் போட்டோம்.

அன்றைக்கு நடந்ததைக் கேளுங்கள். வீட்டுக்காரர்கள் பின்வரிசையில் செல்போனோடு உட்கார்ந்துவிட்டார்கள். “ஏட்டி!” என்று கையை விரித்து ஓடிவந்தவள், என் பின்னால் யாரோ ஒருத்தியின் கணவர் நிற்பதைப் பார்த்ததும் “நல்லாருக்கீங்களா?” என்றாள். சுவரேறிக் குதித்து மேட்னி ஷோ போன கதையை ஆரம்பித்தவள், பக்கத்தில் மகள் நிற்கிறாள் என்று பாதியில் விழுங்கினாள். பந்தியில் தன் இலையை விட்டுவிட்டு, அவருக்கு ரசம் வந்ததா, பிள்ளை சாப்பிட்டதா என்று எழுந்து எழுந்து போனார்கள். மூன்று மணிக்கு ஒருவர் வாட்சைப் பார்த்தார். அவ்வளவுதான், கொஞ்ச நேரத்தில் பாதி மண்டபம் காலி. கணக்கு டீச்சரை நாலு மணிக்குப் பேச வைத்திருந்தார்கள். பாவம், நாற்காலிகளைப் பார்த்துப் பேசினார். டீச்சர்களைக் காலையிலேயே பேசவிடுங்கள்.

தங்கும் விஷயத்தில் நான் செய்ததையே செய்யுங்கள். அண்ணன் வீடு அதே ஊரில் இருந்தும் பஸ் ஸ்டாண்ட் பக்கம் லாட்ஜில் ரூம் போட்டேன். மதினிக்கு இன்றுவரை கோபம். இருக்கட்டும். அங்கே தங்கினால் பெரியம்மா வீடு, சித்தப்பா வீடு என்று ஒரு சுற்று. அது முடிந்தால் அடுப்படியில் மதினியோடு தோசை. ஊருக்குப் போனதற்கு அடையாளமாக அதுதான் மிஞ்சும். சாயங்காலம் வீட்டுக்காரர்களைப் பஸ் ஏற்றிவிட்டு இரண்டு பேர் என் ரூமுக்கு வந்தார்கள். மேட்னி ஷோ கதை அங்கேதான் முழுசாக வந்தது. விடிய விடியப் பேசினோம். சந்திப்பு என்று நான் சொல்வது அந்த ராத்திரியைத்தான்.

தனியாகப் போக வீட்டில் என்ன சொல்வது என்று கேட்பீர்கள். ஊருக்குப் போகிறேன் என்று சொல்லுங்கள், அனுமதி கேட்காதீர்கள். மாவு அரைத்து ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். நான் வைக்கவில்லை, யாரும் பட்டினி கிடக்கவில்லை. திரும்பும்போது இரண்டு கிலோ கடலைமிட்டாய் வாங்கிப் போனால் போதும். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு, முணுமுணுப்பு அடங்கிவிடும்.

அடுத்த சந்திப்பு குற்றாலத்தில், குடும்பத்தோடு என்று ஒருங்கிணைப்பாளர் போன வாரம் குரூப்பில் போட்டாள். முதல் ஆளாக ‘நான் வரல’ என்று எழுதினேன். அதே தேதியில், அன்று வராமல் போனவளும் நானும் கழுகுமலை போகிறோம். ராத்திரி தங்க அந்த லாட்ஜிலேயே ரூம் சொல்லியாயிற்று. மதினிக்கு இன்னும் தெரியாது.