கால் வலிக்கிறதென்று கொழுப்பு மாத்திரையை நிறுத்தலாமா?



மாரடைப்பு வந்து பிழைத்தவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், இரத்தத்தில் கொலஸ்டிரால் மிகுந்தவர்கள் ஆகியோருக்கு டாக்டர்கள் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள். பலர் அதைச் சில மாதம் சாப்பிட்டுவிட்டுத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். இது ஆபத்தானது.

கிராம சுகாதார நர்ஸ் ஒரு வீட்டுக்குப் போகிறார். அந்த வீட்டுப் பெரியவருக்குப் போன வருடம் மாரடைப்பு வந்தது.

நர்ஸ்: ஐயா, மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடறீங்களா?

பெரியவர்: மத்ததெல்லாம் சாப்பிடறேம்மா. அந்தக் கொழுப்பு மாத்திரையை மட்டும் விட்டுட்டேன். கெண்டைக்கால் ஒரே வலி.

மனைவி: நானும் எண்ணெயைக் குறைச்சுட்டேன். கறி எடுக்கறதே இல்லை. அப்புறம் மாத்திரை எதுக்கும்மா?

நர்ஸ்: நீங்க செய்யறது நல்ல காரியம்தான் பெரியம்மா. ஆனா அது மட்டும் போதாது.

ஏன் போதாது?

நம் உடம்பில் உள்ள கொலஸ்டிராலில் பெரும்பகுதி சாப்பாட்டிலிருந்து வருவதில்லை. உடம்பே, முக்கியமாக கல்லீரல், அதைத் தயாரிக்கிறது. ஆகவே பத்தியத்தால் கெட்ட கொழுப்பு ஓரளவுதான் குறையும். ஸ்டாட்டின் வகை மாத்திரைகள் கல்லீரலில் நடக்கும் தயாரிப்பையே மட்டுப்படுத்துகின்றன. இவற்றால் கெட்ட கொழுப்பு, அளவுக்குத் தக்கபடி, 30 முதல் 50 சதவீதம் வரை குறைகிறது. மாரடைப்பு வந்தவர்களுக்கு இது 100 மில்லி இரத்தத்தில் 55 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். மாத்திரையை விட்டால் சில வாரங்களில் பழைய அளவுக்கே ஏறிவிடும். வலி எதுவும் தெரியாது. இரத்தக்குழாய் மட்டும் உள்ளே அடைத்துக்கொண்டே வரும்.

வலி மாத்திரையால்தானா?

பெரியவர்: அப்ப எனக்கு வலிக்கறது பொய்யாம்மா?

நர்ஸ்: வலி நிஜம்தாங்க ஐயா. காரணம் மாத்திரைதானான்னு பார்க்கணும்.

ஸ்டாட்டினால் சிலருக்குத் தசைவலி வருவது உண்மை. ஆனால் வலி என்று சொல்பவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் வேறு. இங்கிலாந்தில் நடந்து 2020-ல் வெளியான ஓர் ஆய்வில், தொந்தரவு தாங்காமல் ஸ்டாட்டினை நிறுத்தியிருந்த 60 பேருக்குச் சில மாதம் உண்மையான மாத்திரையும், சில மாதம் மருந்தே இல்லாத வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். எது எது என்று அவர்களுக்குத் தெரியாது. வெறும் மாத்திரை தின்ற மாதங்களிலும் ஏறக்குறைய அதே தொந்தரவு இருந்தது! இதை அறிந்தபின் பாதிப்பேர் மறுபடியும் மருந்தைத் தொடர்ந்தார்கள்.

கடின வேலை, மூட்டுத் தேய்மானம், தைராய்டு குறைவு ஆகியவற்றாலும் கால் வலிக்கும். தைராய்டு குறைந்தால் கொலஸ்டிராலும் ஏறும்.

மாத்திரைதான் காரணம் என்றாலும் வழி உண்டு. டாக்டர் அளவைக் குறைப்பார். வேறு ஸ்டாட்டின் மாற்றிக் கொடுப்பார். அல்லது எசெட்டிமைப் போன்ற வேறு வகை மருந்து சேர்ப்பார். சிலருக்கு இரத்தச் சர்க்கரை சிறிது ஏறலாம். ஆனாலும் இதயத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்பே பெரிது.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

1. தாங்க முடியாத தசைவலி, எழுந்து நிற்க முடியாத பலவீனம்.
2. சிறுநீர் காபி டிகாக்ஷன் நிறத்தில் போவது.
3. கண் மஞ்சளாவது.

இவை மிக அபூர்வம். வந்தால் தாமதிக்கக் கூடாது.

சமையலறையில் செய்ய வேண்டியவை

1. எண்ணெய் ஒருவருக்கு மாதம் அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். பலகாரம் சுட்ட எண்ணெயை மறுபடி காய்ச்சாதீர்கள்.
2. வனஸ்பதி, நெய், பாமாயில், தேங்காய் எண்ணெய் ஆகியவற்றைக் குறையுங்கள். தேங்காய் எண்ணெயில் கொலஸ்டிரால் இல்லை. ஆனாலும் அதிலுள்ள கெட்டிக் கொழுப்பு, இரத்தத்தில் கொலஸ்டிராலை ஏற்றும்.
3. கீரை, அவரை, வெண்டை, கொள்ளு, பயறு, கம்பு, கேழ்வரகு தாராளமாகச் சேருங்கள். மீன் சாப்பிடுபவர்கள் மத்தி மீனைக் குழம்பாக வைக்கலாம், பொரிக்க வேண்டாம்.
4. தினமும் அரை மணி நேரம் நடங்கள். பீடி, சிகரெட், புகையிலையை விட்டுவிடுங்கள்.

தாய்மார்கள் கவனத்துக்கு

இம்மாத்திரை சாப்பிடும் பெண்கள், குழந்தை பெற விரும்பினாலோ, நாள் தள்ளிப்போனாலோ, பால் கொடுத்தாலோ டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டும். வேறு நோய்க்கு மருந்து வாங்கும்போதும், நாட்டு மருந்து சாப்பிடும்போதும் எல்லோரும் இம்மாத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பெரியவர்: சரிம்மா, நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போறேன்.

நர்ஸ்: மாத்திரை அட்டையையும் பழைய இரத்தப் பரிசோதனைச் சீட்டையும் மறக்காம எடுத்துட்டுப் போங்க ஐயா.

வலி வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களே நிறுத்தாதீர்கள்!