ஸ்டென்ட் வைக்க எங்கே போவது? டெல்லி ஆர்.கே.புரத்துக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

மலை மந்திர் படியிறங்கி வரும்போதும், தமிழ்ச் சங்கத்தில் விழா முடிந்து கூட்டம் கலையும்போதும் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "அப்பாவுக்கு அடைப்பாம், ஸ்டென்ட் வைக்கணுமாம். எய்ம்ஸா, பிரைவேட்டா, இல்லே மெட்ராஸுக்கே கூட்டிண்டு போயிடலாமா?" உடனே ஆளுக்கொரு மருத்துவமனையின் பெயரைச் சொல்வார்கள். பெயரை எழுதிக்கொள்வதற்கு முன்னால் டாக்டரிடம் ஒன்றைக் கேளுங்கள்: இது இப்போதே செய்ய வேண்டியதா, நாள் பார்த்துச் செய்யலாமா? எங்கே போவது என்பது அந்தப் பதிலைப் பொறுத்தது.

முதலில் அவசரம். நெஞ்சில் பாரம் வைத்தாற்போல் வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, கால் மணி நேரமாகியும் விடவில்லை என்றால் வாயு என்று ஓமத் தண்ணீர் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் மூச்சுத்திணறல் மட்டும் வரலாம். 112 அல்லது 102-ஐ அழையுங்கள். பிகாஜி காமா பிளேஸ் தாண்டினால் ரிங் ரோட்டில் சஃப்தர்ஜங்கும் எய்ம்ஸும் எதிரெதிரே இருக்கின்றன. தனியார் மருத்துவமனைக்குப் போவதானால் ஸ்டென்ட் வைக்கும் அறையான கேத் லேப் பற்றிக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "கேத் லேப் இந்த நேரத்தில் இயங்குகிறதா?" ரத்தக்குழாய் முழுதாக அடைபட்ட மாரடைப்பில், மருத்துவமனை வாசலை மிதித்த 90 நிமிடத்துக்குள் அடைப்பைத் திறந்துவிட வேண்டும் என்பது இலக்கு. இரண்டு மணி நேரத்துக்குள் முடியாது என்றால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அங்கேயே போட்டுவிட்டு, பிறகு கேத் லேப் உள்ள இடத்துக்கு மாற்றுவார்கள். சி.ஜி.எச்.எஸ். (மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டம்) கார்டு வைத்திருப்பவர்கள் டிஸ்பென்சரி திறக்கட்டும், ரெஃபரல் வாங்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். அவசரத்துக்கு அது தேவையில்லை. அத்திட்டத்தின் பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தாலும், அவசரம் என்பதற்குச் சான்று இருந்தால் சி.ஜி.எச்.எஸ். கட்டண அளவுக்குத் திரும்பக் கேட்கலாம்.

ஈ.சி.ஜி.யில் பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் ரத்தத்தில் இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ஏறியிருக்கிறது என்றால் அதுவும் மாரடைப்புதான். அந்த நிலையில் யாரையும் சென்னை ரயிலிலோ விமானத்திலோ ஏற்றாதீர்கள்.

இனி, நாள் இருக்கிறவர்கள். வேகமாக நடந்தால் நெஞ்சு பிடிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது, பல மாதங்களாக இப்படியேதான் என்பவர்கள். 2020-இல் வெளியான 'இஸ்கீமியா' ஆய்வு 5,179 பேரைப் பின்தொடர்ந்தது. இந்தியர்களும் அதில் கணிசமாக இருந்தார்கள். மாத்திரையோடு தொடங்கியவர்களைவிட, உடனே ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்துகொண்டவர்களுக்கு மரணமோ மாரடைப்போ மொத்தத்தில் குறையவில்லை. நெஞ்சுவலி அதிகம் இருந்தவர்களுக்கு நல்ல நிவாரணம் கிடைத்தது. இடது பிரதானக் குழாயில் அடைப்பு உள்ளவர்களையும் இதயம் மிகவும் பலவீனமானவர்களையும் அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அவர்கள் கணக்கு வேறு. மற்றவர்களுக்கு யோசிக்க நேரம் இருக்கிறது.

அந்த நேரத்தைப் பறிகொடுப்பது பெரும்பாலும் அடைப்பைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராம் மேசையில்தான். நோயாளி உள்ளே படுத்திருப்பார். வெளியே வந்து, "90 சதவீத அடைப்பு, இப்போதே வைத்துவிடலாமா?" என்பார்கள். நெஞ்சு படபடக்க நிற்கும் மகனோ மகளோ அங்கே என்ன முடிவெடுக்க முடியும்? ஆகவே முந்தின நாளே பேசிவிடுங்கள். ஒப்புதல் படிவத்தில் ஆஞ்சியோகிராமுக்கு மட்டும் கையெழுத்தா, ஸ்டென்ட் வைக்கும் ஆஞ்சியோபிளாஸ்டிக்கும் சேர்த்தா என்று படித்துப் பாருங்கள். "உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லையென்றால் படத்தோடு நிறுத்துங்கள், குடும்பத்தில் பேசிச் சொல்கிறோம்" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பிறகு ஆஞ்சியோ படம் பதிந்த சி.டி.யைக் கேட்டு வாங்குங்கள். வெறும் அறிக்கை போதாது. இரண்டாவது கருத்துச் சொல்பவர் படத்தைப் பார்த்தாக வேண்டும். முடிந்தால் அவர் வேறு மருத்துவமனைக்காரராக இருக்கட்டும். எய்ம்ஸோ ராம் மனோகர் லோகியா மருத்துவமனையோ என்றால் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். நிற்கலாம். சர்க்கரையும் இருந்து பல குழாய்களில் அடைப்பும் இருந்தால், அறுவை நிபுணர் ஒருவரையும் பார்க்காமல் ஸ்டென்ட்டுக்குச் சம்மதிக்காதீர்கள். அப்படிப்பட்டவர்களுக்கு பைபாஸே மேல் என்று 2012-இல் 'ஃப்ரீடம்' ஆய்வு காட்டியது.

மருத்துவமனையில் கேட்க வேண்டியவை: இந்த டாக்டர் வருஷத்துக்கு எத்தனை ஆஞ்சியோபிளாஸ்டி செய்கிறார்? 50-க்குக் குறையக் கூடாது என்பது அமெரிக்க இதய மருத்துவச் சங்கங்கள் 2013-இல் சொன்ன அளவு. நம் ஊர்ப் பெரிய மையங்களில் அது சாதாரணம். சிக்கலானால் பைபாஸ் செய்ய ஆள் அங்கேயே இருக்கிறார்களா? மணிக்கட்டு வழியா, தொடை வழியா? மணிக்கட்டில் ரத்தப்போக்கு குறைவு. சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்த்தாயிற்றா? படமெடுக்கச் செலுத்தும் மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும்.

பணத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று. ஸ்டென்ட் விலைக்கு அரசு உச்சவரம்பு உண்டு. வழக்கறிஞர் பிரேந்தர் சங்வான் டெல்லி உயர்நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு அதற்கு வழிவிட்டது. 2017 பிப்ரவரியில் மருந்து தடவிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய், வெற்று உலோக ஸ்டென்ட்டுக்கு 7,260 ரூபாய், வரி தனி என்று நிர்ணயித்தார்கள். அதற்கு முன் ஒரு ஸ்டென்ட்டே லட்சத்தைத் தாண்டிய காலம் இருந்தது. வரம்பு அவ்வப்போது மாறுவதால் இப்போதைய தொகையைத் தேசிய மருந்து விலை ஆணையத்தின் தளத்தில் பாருங்கள். "இது இறக்குமதி, விலை கூட" என்ற பேச்சு செல்லாது, உள்நாட்டு ஸ்டென்ட்டுக்கும் இறக்குமதிக்கும் வரம்பு ஒன்றுதான். பில்லில் ஸ்டென்ட் விலை, பிராண்டு, தயாரிப்பாளர், பேட்ச் எண் தனியாக இருக்க வேண்டும். பலூன், கம்பி, கதீட்டருக்கு இப்படி உச்சவரம்பு இல்லை. பேக்கேஜில் அவை அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

சென்னைக்குப் போகலாமா? இந்தியாவில் ஆஞ்சியோபிளாஸ்டியை வளர்த்த மாத்யூ சாமுவேல் களரிக்கல் பணியாற்றிய ஊர் அது. திறமைக்குக் குறைவில்லை. நோய் நிலையாக இருந்து, பார்த்துக்கொள்ள அங்கே ஆளும் இருந்தால் போகலாம். ஆனால் ஸ்டென்ட் வைத்த ஆறு மாதமோ ஒரு வருஷமோ, ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரை சேர்ந்து ஓடும். திரும்பி வந்ததும் டெல்லியில் யார் பார்ப்பது என்பதைக் கிளம்புவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். ஸ்டென்ட் விவரம் எழுதிய அட்டையைப் பர்ஸில் வைத்திருக்கச் சொல்லுங்கள். பல் பிடுங்கப் போனால்கூட முதலில் அதைக் காட்டட்டும். இதய டாக்டரைக் கேட்காமல் யார் சொன்னாலும் அந்த இரண்டு மாத்திரைகளை நிறுத்தக் கூடாது.