வாரம் ஒரு படம்



உறுப்பெழுத்து எழுதிப் பழகிய கைக்கே அழகிய கையெழுத்து வாய்க்கும். முதல் வகுப்பில் நாள்தோறும் ஒரு பக்கம் எழுதி வரச் சொல்வது அதற்காகவே. புகைப்படக் கலையும் அவ்வாறு பழகிப் பெற வேண்டிய ஒன்றாகும். விலையுயர்ந்த கருவி வாங்கிவிட்டால் நல்ல படம் தானாக வந்துவிடும் என்று எண்ணுவோர் உளர். விலையுயர்ந்த பேனா வாங்கியதனால் கையெழுத்துத் திருந்திய மாணவனை நான் இதுவரை கண்டதில்லை. இன்று வீட்டுக்கு வீடு கைப்பேசி இருக்கிறது, அதுவே போதும். வாரத்திற்கு ஒரு பாடம் வைத்துக்கொண்டு பழகினால் ஒரு தவணைக்குள் மாற்றம் தெரியும்.

இக்கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது எங்கள் வீட்டுக் குறை ஒன்று. என் தந்தையார் பால்வெட்டுத் தொழிலாளி. முப்பது ஆண்டுகளுக்கு மேல் விடியுமுன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குச் சென்றவர். அவர் உளி பிடித்து நிற்கும் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. இருப்பவை இரண்டே: திருமணப் படம் ஒன்று, அடையாள அட்டைக்காக எடுத்த படம் ஒன்று. நம்மவர் குடும்பங்கள் பலவற்றில் இதே நிலைதான். 1948-இல் அவசரகாலம் பிறந்தபோது, பன்னிரண்டு வயதிற்கு மேற்பட்ட அனைவரும் படமும் கைந்நாட்டும் பதித்த அடையாள அட்டை பெற வேண்டும் என்று அரசாங்கம் பதிவு நடத்தியது. தோட்டத்து மக்கள் எத்தனையோ பேருக்கு அதுதான் வாழ்வில் எடுத்த முதற்படம். அதை எடுத்தவர் அவர்களை அடையாளம் காண்பதற்காக எடுத்தாரேயன்றி, அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று காட்டுவதற்காக எடுக்கவில்லை. அந்த வேலை நமக்கு மிச்சமிருக்கிறது.

அந்த வேலையைச் செய்தோரில் ஓர் ஆசிரியரும் உண்டு என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரில் லூயிஸ் ஹைன் என்பவர் பள்ளி ஆசிரியராக இருந்தார். கப்பலில் வந்திறங்கும் குடியேறிகளைக் காண 1904 முதல் தம் மாணவர்களை எல்லிஸ் தீவுக்கு அழைத்துச் சென்று, அம்மக்களைப் படம் பிடித்தார். பின்னர் 1908-இல் குழந்தைத் தொழிலாளர் ஒழிப்புக் குழுவில் சேர்ந்து, பஞ்சாலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்த சிறுவர்களை அவர் எடுத்த படங்கள், அந்நாட்டில் சட்டம் மாறுவதற்குத் துணை நின்றன.

நம் இனத்திலும் ஒருவரைச் சொல்லலாம். மதுரை மாவட்டம் ஜவகர்லால்புரத்தைச் சேர்ந்த மு. பழனி குமாரின் தாயார் மீன் விற்பவர். மகனின் கருவிக்காக அத்தாய் கடன் வாங்கினார். கழிவகற்றும் தொழிலாளரின் துயரைக் காட்டிய 'கக்கூஸ்' என்னும் ஆவணப்படத்திற்கு (2017) ஒளிப்பதிவு செய்தவர் அவரே. அவருக்கு 2022-இல் தயானிதா சிங் – பாரி ஆவணப் புகைப்பட விருது கிடைத்தது. தூய்மைப் பணியாளர் பிள்ளைகளுக்கும் மீனவப் பெண்களுக்கும் கருவி பிடிக்கக் கற்றுக் கொடுத்தும் வருகிறார். தம் தாயின் உழைப்பையே அவர் பல முறை படமாக்கியிருக்கிறார் என்பதை மாணவர்கள் மனத்திற் கொள்க.

இனிப் பயிற்சிக்கு வருவோம். பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவர அனுமதியில்லை. ஆகவே பெற்றோர் கைப்பேசியில், பெற்றோர் முன்னிலையில், வீட்டிலேயே செய்யுங்கள். வாரத்திற்குப் பன்னிரண்டு படங்களுக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது என் கண்டிப்பான விதி. முற்காலத்தில் ஒரு சுருளில் முப்பத்தாறு படங்களே அடங்கும். கழுவும் செலவு வேறு. அதனால் விரலை அழுத்துமுன் சிந்தித்தார்கள். இன்று நூறு படம் எடுத்து ஒன்றையும் பாராமல் விடுகிறோம்.

முதல் வாரப் பாடம் ஒளி. பாட்டியை வாசற்படிக்குச் சற்று உள்ளே நாற்காலியில் அமர்த்துங்கள். வீட்டு விளக்கை அணைத்துவிடுங்கள். பாட்டி முகத்தைப் பாதி வெளிப்பக்கம் திருப்பட்டும். காலை எட்டு மணிக்கு ஒன்று, மாலை ஆறரைக்கு ஒன்று எடுங்கள். பிறகு நடுப்பகல் வெயிலில் முற்றத்தில் நிற்க வைத்து ஒன்று எடுங்கள். அதிக நேரம் வெயிலில் நிறுத்த வேண்டா. மூன்றையும் ஒப்பிட்டால் என் விளக்கம் தேவைப்படாது. நாம் நிலநடுக்கோட்டிற்கு ஏறத்தாழ மூன்று பாகை வடக்கே வாழ்கிறோம். பிற்பகல் ஒரு மணி அளவில் கதிரவன் ஏறக்குறைய நம் தலைக்கு நேரே நிற்கிறான். அப்போது நெற்றி பளபளக்கும். கண்கள் இரண்டும் கருங்குழிகளாகும். வாசலில் பக்கவாட்டாக வரும் ஒளியிலோ, ஒவ்வொரு சுருக்கமும் எழுத்துப்போல் தெளிவாகத் தெரியும்.

இரண்டாம் வாரப் பாடம் முகம். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

புகைப்படக் கருவி தன் முன்னுள்ள வெளிச்சம் முழுவதையும் கூட்டிப் பார்த்து, அதை நடுத்தரமான சாம்பல் நிற அளவிற்குக் கொண்டுவர முயல்கிறது. மாணவன் வெள்ளைச் சட்டை அணிந்து வெள்ளைச் சுவரின் முன் நின்றால், வெளிச்சம் மிகுந்துவிட்டது என்று கருவி கருதிப் படம் முழுவதையும் மங்கச் செய்கிறது. அதனால் சட்டை சாம்பலாகிறது; மாநிற முகமோ இருளில் மூழ்குகிறது. பிள்ளையின் நிறம் இதற்குக் காரணமன்று. அளவு வைத்த முறையே காரணம். திரையில் முகத்தின்மேல் விரலால் ஒருமுறை தொடுங்கள். பெரும்பாலான கைப்பேசிகள் முகத்திற்கேற்ப வெளிச்சத்தைத் திருத்திக்கொள்ளும். போதாவிட்டால், தொட்ட இடத்தருகே தோன்றும் சிறு கதிரவன் குறியை மேலே நகர்த்துங்கள். வெள்ளைச் சுவரை விட்டுச் செடிகளின் முன் நிறுத்துவதும் நன்று.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறும் உண்டு. கோடாக் நிறுவனம் வண்ணப்படம் கழுவும் கடைகளுக்கு, நிறம் சரிபார்ப்பதற்காக மாதிரி அட்டை ஒன்றை அனுப்பி வந்தது. 'ஷெர்லி அட்டை' என்பது அதன் பெயர். அதில் இருந்தவர் வெள்ளைக்காரப் பெண்மணி. அவர் முகம் சரியாக வந்தால் படம் சரி என்று கொண்டார்கள். கறுத்த முகங்கள் விளக்கமின்றி வந்ததை நெடுங்காலம் எவரும் பொருட்படுத்தவில்லை. பல நிறப் பெண்களும் சேர்ந்திருக்கும் அட்டை 1990-களின் நடுவில்தான் வந்தது. பழைய வகுப்புப் படங்களில் நம் முகம் மட்டும் கரிக்கட்டைபோல் இருப்பதைக் கண்டு நாணியவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும்.

இன்றைய கைப்பேசிகளில் 'அழகூட்டும்' வசதி என்றொன்று இருக்கிறது. அது தோலை வெளுக்கச் செய்து, மூக்கை மெலிதாக்கி, தழும்பை அழிக்கிறது. மாணவியரே, முதலில் அதை நிறுத்திவிட்டுப் பிறகு படம் எடுங்கள். என் தாயாரின் நெற்றியில் சிறு வயதில் விழுந்து பட்ட தழும்பு ஒன்று இருந்தது. அது இல்லாத படத்தைக் காட்டினால் அவர் வேறொருவர் என்றே சொல்வேன்.

மூன்றாம் வாரம் கைகள். முகம் வேண்டா, கைகளை மட்டும் எடுங்கள். தோசை வார்க்கும் கை, பூக் கட்டும் கை, உளி தீட்டும் கை. அருகில் செல்லுங்கள், இன்னும் ஓரடி அருகில் செல்லுங்கள். முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்து, மூச்சை ஒரு கணம் அடக்கி அழுத்தினால் படம் ஆடாது. கண்ணாடி வில்லையைப் பருத்தித் துணியால் துடைத்துக்கொள்ளுங்கள். சமையலறை எண்ணெய் படிந்த வில்லையில் எல்லாம் பனி மூடியதுபோல் தெரியும். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்: செம்பனைக் குலை வெட்டும் இடத்திற்குப் பிள்ளைகள் படமெடுக்கச் செல்லக் கூடாது. அப்பா வேலை முடிந்து வந்து, வாசலில் அரிவாளைத் துடைக்கும்போது எடுத்தால் போதும்.

நான்காம் வாரம் உயரம். தங்கையை எடுக்கும்போது மண்டியிடுங்கள். அவள் கண்ணும் உங்கள் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். அவ்வளவே.

ஐந்தாம் வாரம் வெளியே செல்லலாம். கிள்ளானிலிருந்து கொமுட்டர் இரயிலேறிக் கேஎல் சென்ட்ரலில் இறங்கினால், நடக்கும் தூரத்தில் பிரிக்ஃபீல்ட்ஸ். அங்கு 1904-இல் எழுந்த விவேகானந்த ஆசிரமம் இன்றும் நிற்கிறது. 1905-இல் அரசு ஊழியருக்கெனக் கட்டிய 'நூறு குவாட்டர்ஸ்' வீடுகளோ பின்னாளில் இடிக்கப்பட்டுவிட்டன. பிரிக்ஃபீல்ட்ஸ் செல்ல இயலாதோர் கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்குச் செல்லலாம். ஒரே இடத்தில் கால் மணி நேரம் நில்லுங்கள், நகரக் கூடாது. ஒரே ஒரு நிறத்தை மட்டும் தேடுங்கள். மஞ்சளைத் தேர்ந்தெடுத்தால் சாமந்தி, வாழைப்பழம், எலுமிச்சை, புடவைக் கரை என்று கண்ணுக்குப் புலப்பட்டுக்கொண்டே இருக்கும். கடைக்காரரிடம், “ஐயா, ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டுவிட்டு எடுங்கள். வேண்டாம் என்றால் வணங்கி நகருங்கள்.

ஞாயிறு மாலை பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தமர்ந்து, பன்னிரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டே கேள்விகள்: கண் முதலில் எங்கே செல்கிறது? எதை நீக்கினால் படம் இன்னும் தெளிவாகும்? தலைக்கு மேல் கொடிக்கயிறு, பின்னால் குப்பைத்தொட்டி இவையெல்லாம் அப்போதுதான் தெரியவரும். தேர்ந்தெடுக்காமல் விட்ட பதினொன்றும் வீணல்ல; அவற்றை ஏன் விட்டோம் என்று பிள்ளை தமிழில் மூன்று வாக்கியம் எழுதட்டும்.

தேர்ந்தெடுத்த படத்தை மாதத்திற்கு ஒருமுறையாவது கடையில் அச்சிட்டு வாங்குங்கள். கைப்பேசி தண்ணீரில் விழுந்தால் எல்லாம் போய்விடும். ஆனால் தாளுக்கும் ஆபத்து உண்டு. 2021 டிசம்பர் 18-ஆம் நாள் தொடங்கிய பெருவெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா போன்ற இடங்களில் வீடுகள் மூழ்கியபோது, படத்தொகுப்புகளும் சேற்றோடு போயின. பலர் ஒட்டிக்கொண்ட படங்களைப் பிய்த்துப் பார்த்துவிட்டுத் தூக்கி எறிந்தனர். ஜப்பானில் 2011 மார்ச் மாதச் சுனாமிக்குப் பிறகு தொண்டர்களும் ஃபூஜிஃபிலிம் நிறுவனத்தாரும் சேற்றிலிருந்து எடுத்த படங்களைக் கழுவிக் குடும்பங்களிடம் சேர்த்தார்கள். அதே முறையை நாமும் செய்யலாம். படக்கடையில் கழுவிய படங்கள் நனைந்து ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள். குளிர்ந்த நல்ல தண்ணீரில் ஊறவிட்டு மெல்லப் பிரித்து, படப்பக்கம் மேலாக நிழலில் உலர்த்துங்கள். இரண்டு நாளைக்குள் செய்துவிட வேண்டும். கணினி மையால் அச்சிட்டவற்றுக்கு இது உதவாது, மை கரைந்துவிடும்.

ஒவ்வொரு படத்திற்கும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள்: பெயர், நாள், தோட்டம், அப்போது அவர் செய்துகொண்டிருந்த வேலை.